காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பேண்டு டீ-ஷர்ட்: துணி, அச்சு, படம்

புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விரிக்கிற பிளாட்பாரக் கடைகளில், ராக் பேண்டு படம் போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டுக்கென்றே சில கடைகள் உண்டு. தார்ப்பாய்மேல் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். 200 ரூபாயில் ஆரம்பிக்கும். கொஞ்சம் கனமான துணி என்றால் 300, 350. பேரம் பேசினால் இரண்டு எடுப்பவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

எனக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. கபடி டீமுக்கு, காலேஜ் சிம்போசியத்துக்கு, திருவிழா இளைஞர் குழுவுக்கு, கட்சிக்காரர்களுக்கு என்று பனியன் அடித்துக் கொடுப்பது தொழில். ராக் கேட்பது காலேஜ் நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அதனால் இந்தக் குவியலைக் கிளறும்போது துணியையும் பார்ப்பேன், அச்சையும் பார்ப்பேன், படம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

முதலில் துணி. எல்லாமே திருப்பூர் சரக்குதான், ஆனால் ஒரே தரம் கிடையாது. எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிச்சமான வெற்று பனியனை வாங்கி இங்கே படம் அடித்தது ஒன்று. சன்னத் துணியில் மொத்தமாகத் தைத்து இறக்கியது இன்னொன்று. கையில் எடுத்து வெயிலுக்குக் காட்டுங்கள், விரல் தெரிந்தால் வைத்துவிடுங்கள். 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இருந்தால் கறுப்பு நிறம் நின்று பேசும். கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் டக்கென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும். பக்கத் தையல் நேராக இறங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். மலிவான சிங்கிள் ஜெர்சி என்கிற ஒற்றைப் பின்னல் துணியில் இரண்டு சலவைக்குள் அந்தத் தையல் முறுக்கிக்கொண்டு தொப்புள் பக்கம் வந்துவிடும். அப்புறம் எவ்வளவு இஸ்திரி போட்டாலும் திரும்பாது.

அச்சிலும் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. ஸ்கிரீனில் பிளாஸ்டிசால் மை வைத்து அடித்தது, டி.டி.எஃப். ஃபிலிமில் பிரிண்ட் எடுத்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டியது. டி.டி.எஃப். பார்க்கப் பளபளவென்று இருக்கும், போட்டால் நெஞ்சில் பாலிதீன் தாளை வைத்துக் கட்டியதுபோல் காற்றே புகாது. மே மாசத்துப் பாண்டி வெயிலில் பெரிய சைஸ் டி.டி.எஃப். படத்தோடு பீச் ரோட்டில் நடக்க முடியாது. பிளாஸ்டிசால் என்றால் அது சரியாக வெந்திருக்க வேண்டும். மை முழுக்க ஏறக்குறைய 160 டிகிரி சூடு ஏறினால்தான் அது பிடிக்கும். அவசரத்தில் பாதி வேக்காட்டில் எடுத்ததை லேசாக இழுத்தாலே படம் வெடித்து வரிவரியாகத் தெரியும். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை, இழுத்துப் பாருங்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். இந்தக் கடைகளைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு கடையில் இருபது வயது மதிக்கத்தக்க பையன் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு உதடும் நீட்டிய நாக்குமாக ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து நீட்டினான். "இது நல்லா ஓடுதுண்ணே, எல்லா சைஸும் கீது."

"பாட்டு கேட்டிருக்கியா தம்பி?"

"இல்லண்ணே. டிசைன் சூப்பரா கீது, அதான் கொண்டாந்தோம்."

நேர்மையான பதில். அந்த நாக்கை 1970இல் வரைந்தவர் ஜான் பாஷே. அப்போது லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டுக்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று கூப்பிட்ட அதன் பாடகர் மிக் ஜாகர், அவரிடம் காட்டியது நம் காளியின் படத்தை. அந்த நீட்டிய நாக்கிலிருந்துதான் இது பிறந்தது. கூலி 50 பவுண்டு. பிற்பாடு 2008இல் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் அந்த மூல ஓவியத்தை விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டது. தில்லைக்காளி இருக்கிற ஜில்லாக்காரன் நான். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குப் புல்லரித்தது. பையனிடம் சொன்னேன். "நம்ம காளியாண்ணே?" என்று டீ-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்து வந்த இரண்டு காலேஜ் பிள்ளைகளிடம், "ப்ரோ, இது காளி நாக்கு, தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தான். இரண்டு பேரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வரி அறிமுகம் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

இந்த டீ-ஷர்ட் போட்ட பிள்ளைகளை வழிமறித்து, "அந்த பேண்டோட மூணு பாட்டு பேர் சொல்லு பார்க்கலாம்" என்று மடக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். என் வயதுக்காரர்கள்தான் அதிகம். பெண்பிள்ளை என்றால் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். எனக்கு இது துளியும் பிடிக்காது. பாட்டுத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் படம் சொந்தம் என்று அந்தப் படங்களை வரைந்தவர்களே சொன்னதில்லை. ரமோன்ஸ் பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1974இல் சேர்ந்த நாலு பேர். இசைத்தட்டுப் பெரிதாக விற்காத காலத்தில் அவர்கள் நண்பர் ஆர்டுரோ வேகா சின்னத்தை வரைந்து, கச்சேரிக்குக் கச்சேரி டீ-ஷர்ட் விற்று, வண்டி ஓடக் காசு சேர்த்தார். துணி வியாபாரம் அந்தப் பாட்டைத் தாங்கிப் பிடித்தது. அதைப் போடுகிறவனுக்குப் பரீட்சை வைக்க நாம் யார்?

அந்தச் சின்னத்தையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி முத்திரையை வைத்துப் போட்டது அது. முத்திரைக் கழுகின் ஒரு காலில் ஆலிவ் கிளை, இன்னொன்றில் அம்புகள். வேகா அம்புகளை எடுத்துவிட்டு பேஸ்பால் மட்டையைக் கொடுத்தார், ஆலிவுக்குப் பதில் ஆப்பிள் கிளை. வட்டத்தைச் சுற்றி நாலு பேர் பெயர்: ஜானி, ஜோயி, டீ டீ, டாமி. டாமி இருந்தால் முதல் அணி. அவர் இடத்தில் மார்க்கி இருந்தால் அடுத்த அணி. மார்க்கெட்டில் நான் பார்த்த ஒன்றில் மட்டையை யாரோ டிரேஸ் எடுக்கும்போது குழப்பி உலக்கை மாதிரி ஆக்கியிருந்தார்கள். டாமி பெயரில் ஒரு எழுத்து வேறாக இருந்தது. பக்கத்துக் கடையில் அதே டிசைன் சுத்தமாக, இறகு இறகாகத் தெரிந்தது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான். அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நல்லதை எடுப்பான், தெரியாதவன் உலக்கையை எடுத்துக்கொண்டு போவான். காசு கொடுப்பவருக்கு அது நஷ்டம், அவ்வளவுதான் என் கவலை.

பிங்க் ஃபிளாயிட் பேண்டின், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் முக்கோணத்துக்கும் இதே சோதனை. 1973இல் வந்த ஆல்பத்தின் அட்டைப்படம். ஸ்டார்ம் தோர்கர்சன் இருந்த ஹிப்னாசிஸ் குழு உருவாக்கியது, வரைந்து கொடுத்தவர் ஜார்ஜ் ஹார்டி. முக்கோணத்தை விட்டு வெளியே வரும் நிறங்கள் ஆறு. பள்ளிக்கூடத்தில் படித்த ஏழு அல்ல. கருநீலம் அதில் இல்லை. ஏழு பட்டை இருந்தால் யாரோ கம்ப்யூட்டரில் புதிதாகப் போட்டது. அதைவிட, ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தோடு இடைவெளி இல்லாமல் சேர்கிறதா என்று பாருங்கள். ஆறு ஸ்கிரீனை ஒன்றன்மேல் ஒன்றாக ரிஜிஸ்டர், அதாவது இடப் பொருத்தம், பிசகாமல் அடிப்பது லேசான வேலை இல்லை. நான் எடுத்ததில் பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே கறுப்பு நூல்கூடத் தெரியவில்லை. அடித்த கை யாருடையதோ, அவருக்கு என் வணக்கம்.

இந்த மார்க்கெட்டில் அதிகம் கிடைப்பது ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் பேண்டின் படம். கறுப்பில் வெள்ளை வரிகள், நடுவில் மலைபோல் எழும்பி எழும்பி அடங்கும். கடலூருக்குத் திரும்புகிற பஸ்ஸில் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் இதைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன படம் என்று கேட்டேன். "அலைதானண்ணே?" என்றான். கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது அலையாகத் தெரிந்ததில் எந்தத் தப்பும் இல்லை.

அது ஒரு நட்சத்திரத்தின் துடிப்பு. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வரைபடத் தாளில் விட்டுவிட்டு வரும் ஒரு ரேடியோ சைகையைக் கண்டுபிடித்தார். முதன்முதலில் தெரிய வந்த பல்சார், அதாவது துடிக்கும் நட்சத்திரம், அதுதான். 1974இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போனது, ஜோசலினுக்குக் கிடைக்கவில்லை. ஹரால்டு கிராஃப்ட் என்ற இன்னொரு மாணவர் அந்த நட்சத்திரத்தின் 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து 1970இல் தன் ஆய்வேட்டில் சேர்த்தார். அந்தப் படம் பிறகு ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் வந்தது. மான்செஸ்டர் பேண்டுக்காரர்கள் அதைக் கண்டெடுத்து டிசைனர் பீட்டர் சேவிலிடம் கொடுக்க, வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்ததை அவர் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். 1979இல் அவர்களின் முதல் ஆல்பம் அந்த அட்டையோடு வெளியானது. பையனிடம் ஏறக்குறைய 1.34 நொடிக்கு ஒரு தடவை வருகிற அந்தத் துடிப்பை முன்சீட்டுக் கம்பியில் தட்டிக் காட்டினேன். அவனும் சேர்ந்து தட்டினான். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

பேண்டின் பெயரைப் பற்றியும் அவனிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். ஜாய் டிவிஷன் என்பது நாஜி வதைமுகாம்களில் பெண்களை அடைத்துவைத்துச் சீரழித்த பிரிவைக் குறிக்க ஒரு நாவலில் வந்த பெயர். அதிர்ச்சி வேண்டி இளவயதில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பாட்டுகள் உயிர், ஆனால் அந்தப் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு நடக்க எனக்கு மனம் வராது. 1979 அட்டையின் முன்பக்கத்தில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. பேண்டு பெயரும் இல்லை, ஆல்பம் பெயரும் இல்லை. மார்க்கெட்டில் எழுத்து போட்டதும் கிடைக்கிறது, போடாததும் கிடைக்கிறது. எழுத்து இல்லாததையே எடுங்கள். அசலுக்கு அதுதான் நெருக்கம். வரிகளையும் உற்றுப் பாருங்கள். ஸ்கிரீனில் பெரிய கண் வலை (மெஷ்) வைத்து அடித்திருந்தால் நடுவில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டி வெள்ளைத் திட்டாகிவிடும். ஒவ்வொரு வரியும் தனித்தனியே நிற்க வேண்டும்.

நிர்வானா பேண்டின் மஞ்சள் முகம் எல்லாக் கடையிலும் இருக்கிறது. அதைப் பாடகர் கர்ட் கோபேன் வரைந்தார் என்று பேண்டு தரப்பு சொல்ல, ராபர்ட் ஃபிஷர் என்ற டிசைனர் தான் வரைந்ததாகச் சொல்ல, 2018இல் ஆரம்பித்த வழக்கு 2024இல்தான் சமரசத்தில் முடிந்தது. ஸ்கிரீனில் ஒரே ஒரு நிறம், அடிக்கவும் சுலபம், எந்தக் கடையில் எடுத்தாலும் மோசம் போகாது.

ஒன்று தெரிந்தே வாங்குங்கள்: இங்கே விற்பது எதுவும் பேண்டின் அனுமதி பெற்று அடித்ததில்லை. நீங்கள் கொடுக்கிற காசில் ஒரு பைசா வரைந்தவருக்கோ பாடினவருக்கோ போகாது. இதே தொழிலில் இருக்கிற எனக்கு அது உறுத்துகிறது. என் பட்டறைக்கு இந்த டிசைன்களைக் கொண்டுவந்து அடிக்கச் சொன்னால் நான் அடிப்பதில்லை. ஆனால் 250 ரூபாய்க்குமேல் கொடுக்க முடியாத பிள்ளைக்கு இந்தப் பிளாட்பாரம்தான் முதல் வாசல் என்பதும் எனக்குத் தெரியும். பாட்டுப் பிடித்துப்போய், கையில் நாலு காசும் வந்த பிறகு, லைசென்ஸோடு விற்கிற இடத்தில் ஒன்றாவது வாங்குங்கள்.

காலையில் பத்து மணிக்குள் போய்விடுங்கள். பன்னிரண்டுக்குமேல் கூட்டம் நெருக்கித் தள்ளும், எம், எல் சைஸெல்லாம் தீர்ந்திருக்கும். டிரையல் பார்க்க இடம் கிடையாது, உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய பனியன் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு போய் மேலே வைத்து அளந்துகொள்ளலாம். மாற்றித் தருவார்களா என்று முன்பே கேளுங்கள். நான் வாங்கின பையன் அடுத்த ஞாயிறு மாற்றித் தருவதாகச் சொன்னான், சொன்னபடி மாற்றியும் கொடுத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடை விரிப்பது வானத்தைப் பொறுத்தது. வாங்கின டீ-ஷர்ட்டை உள்புறம் வெளியே வரத் திருப்பி, பச்சைத் தண்ணீரில் தனியாக அலசுங்கள். படத்தின்மேல் நேராக இஸ்திரிப் பெட்டி வேண்டாம்.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது கேட்டால் நான் ரமோன்ஸையே சொல்வேன். 1976இல் வந்த முதல் ஆல்பம், 14 பாட்டு, எல்லாம் சேர்ந்தே 29 நிமிஷம்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஹெட்ஃபோனை மாட்டினால் தவளக்குப்பம் வருவதற்குள் முழுசாகக் கேட்டு முடித்துவிடலாம்.