சினைமாட்டுக்கு அள்ளிக் கொடுப்பதா, அளந்து கொடுப்பதா?

மூன்று தடவை சினை ஊசி போட்டும் மாடு சினை நிற்கவில்லை என்றால் பழி ஊசி போட்டவர் மேல் விழும், இல்லாவிட்டால் விந்துக்குச்சி மேல். சில நேரம் அதில் நியாயமும் உண்டு. ஆனால் கன்று போட்ட 75ஆம் நாள் வெளிவரும் கருமுட்டை, அதற்கு இரண்டரை, மூன்று மாதம் முன்பே வளரத் தொடங்கிவிட்டது. அந்த நாட்களில் மாட்டின் உடம்பு பட்ட பாடு முட்டையின் தரத்தில் தெரியும் என்று அமெரிக்கக் கால்நடை ஆய்வாளர் ஜாக் பிரிட் 1992இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அதை முழுசாக ஏற்காதவர்கள்கூட, ஈன்றபின் மளமளவென்று இளைக்கும் மாடு சினை பிடிக்கத் தாமதமாகும் என்பதை மறுப்பதில்லை. அதனால் என் கேள்வி ஊசி போடும் நாளைப் பற்றியதல்ல. ஈனுவதற்கு முன் பால் வற்றவைத்த அந்த 60 நாளில் தீவனத் தொட்டியில் என்ன இருந்தது?

இதில் இரண்டு கட்சி. பழைய கட்சிக்கு ‘ஸ்டீமிங் அப்’ என்று பெயர். 1920களில் பிரிட்டனில் ராபர்ட் பவுட்ஃப்ளவர் பரப்பிய முறை. ரயில் கிளம்புவதற்கு முன் இன்ஜினில் நீராவி ஏற்றுவது போல, ஈனுவதற்குச் சில வாரம் முன்பே தானியம், புண்ணாக்கு போன்ற அடர் தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டி உடம்பில் சத்தைச் சேர்த்து வைப்பது. வயிற்றில் கன்றோடு நிற்கும் மாட்டுக்கு வஞ்சகமில்லாமல் கொடுக்க வேண்டும் என்ற மனசுக்கும் இது பிடித்த வழி. எதிர்க்கட்சி, இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ட்ராக்லி வலியுறுத்திய வைக்கோல் முறை. வயிறு நிறைய வேண்டும், எரிசக்தி மட்டும் தேவைக்கு மேல் போகக் கூடாது. அதற்காகத் தினத் தீவனத்தில் மூன்று, நான்கு கிலோ வைக்கோலையாவது கலப்பார்கள். மாட்டின் எடையைப் பொறுத்து அளவு மாறும்.

பழைய முறையில் ஒரு உண்மை இருக்கிறது. முதல் இரைப்பையின் நுண்ணுயிரிகள் தானியத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். ஈன்ற மறுநாளே திடீரென்று அடர் தீவனத்தைக் கொட்டினால் இரைப்பையில் அமிலம் ஏறும். சரி, பழக்குவதற்குக் கொஞ்சம் போதுமே? கொழுக்கும் அளவுக்கு எதற்கு?

கொழுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தால், பழைய கட்சி தோற்கும் இடம் தெரியும். எந்த மாடும் ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரத்தில் தீனியைக் குறைக்கும், கடைசி நாட்களில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட. எரிசக்தி மிகுந்த தீவனம் தின்ற மாட்டுக்கு இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாக இருக்கும். ஈன்றபின் பால் நாலு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய்விடும், தீனியோ அதற்குப் பிறகுதான் உச்சம் தொடும். இடையில் விழும் பள்ளத்தை உடம்புக் கொழுப்பு நிரப்புகிறது. கரைகிற கொழுப்பு அளவுக்கு மீறினால் கல்லீரல் திணறி, கொழுப்பு அங்கேயே தங்கும், கொழுப்பு முழுசாக எரியாமல் உண்டாகும் கீட்டோன் ரத்தத்தில் ஏறும். ரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்ரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால், வெளியே அறிகுறி தெரியாத மறைமுகக் கீட்டோசிஸ் என்று கணக்கு. அந்த மாடு தீனியை இன்னும் குறைக்கும், கருப்பை அழற்சிக்கு எளிதில் ஆளாகும், பருவத்துக்கு வருவதும் தள்ளிப்போகும். இதில் கண்ணை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. அதிகம் தின்ற மாட்டின் கொழுப்பில் பெரும்பங்கு குடலைச் சுற்றிச் சேர்வதால், வெளியே பார்க்க இரண்டு மாடும் ஒரே மாதிரிதான் தெரியும்.

வைக்கோல் முறைக்கும் குறை இல்லாமல் இல்லை. நீளமாகப் போட்டால் மாடு வைக்கோலை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொறுக்கித் தின்னும், நம் கணக்கு தாளில் மட்டும் நிற்கும். 5 செ.மீ.க்குக் குறைவாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கலப்பதுதான் வழி. புரதமும் தாது உப்பும் தனியாகச் சேர்க்காவிட்டால் இது வெறும் பட்டினி. மெலிந்த மாட்டைத் தேற்றுவதற்கும் இது ஆகாது. சதைப்பிடிப்பைப் பார்த்துப் போடும் உடல் மதிப்பெண் 5க்கு 3 முதல் 3.25 என்ற அளவோடு ஈன வேண்டுமென்றால், அந்தச் சதையைக் கறவையின் கடைசி மாதங்களிலேயே ஏற்றியிருக்க வேண்டும். இத்தனையும் சேர்த்துப் பார்த்தாலும் என் ஓட்டு வைக்கோலுக்குத்தான், கடைசி மூன்று வாரத்தில் மட்டும் அளவான அடர் தீவனத்தோடு.

அப்புறம் கால்சியம். 10 லிட்டர் சீம்பாலில் சுமார் 20 கிராம் கால்சியம் போகிறது. ரத்த ஓட்டத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ 3 கிராம் அளவுதான். மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே எடுக்கத் தெரியாத மாடு பால் காய்ச்சலில் படுக்கும். படுக்காவிட்டாலும் கருப்பை சரியாகச் சுருங்காமல் நஞ்சுக்கொடி தங்கும். எலும்பிலிருந்து எடுக்க உடம்பு முன்கூட்டியே பழகட்டும் என்று, ஈனுமுன் கால்சியத்தையே குறைப்பது ஒரு வழி. கேட்க எளிது, ஆனால் சாதாரணத் தீவனத்திலேயே வேண்டியதைவிட அதிகம் இருப்பதால் நடைமுறையில் கடினம். ரத்தத்தைச் சற்று அமிலப் பக்கம் தள்ளி, எலும்பிலிருந்து கால்சியம் எடுப்பதை எளிதாக்கும் எதிரயனி உப்பு கொடுப்பது இன்னொன்று. ஆதாரம் பலமான முறை இது. ஆனால் சுவை மோசம், சிறுநீரின் அமில அளவைக் காட்டும் பி.எச். 6க்கும் 7க்கும் நடுவே இறங்கியதா என்று தாள் வைத்துப் பார்க்காதவர்களுக்கு வீண் செலவு. இதைக் கொடுத்துக்கொண்டே பழக்கதோஷத்தில் சமையல் சோடாவையும் கலப்பவர்கள், ஒரு கையால் கட்டியதை மறு கையால் அவிழ்க்கிறார்கள். நாலைந்து மாடு வைத்திருப்பவருக்கு நான் சொல்வது மூன்றாவது வழி. கால்சியம் எடுப்பதைக் கெடுக்கும் பொட்டாசியம் அதிகமுள்ள பயறுவகைப் பசுந்தீவனத்தைக் கடைசி மூன்று வாரம் குறைத்துவிட்டு, மூன்றாம் ஈற்றைத் தாண்டிய மாடுகளுக்கு மட்டும் ஈன்றவுடன் ஒரு கால்சியம் மாத்திரை, அரை நாள் கழித்து இன்னொன்று. எழுந்து நிற்கிற மாட்டுக்குத்தான் இது. படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் புரையேறும், அதற்கு மருத்துவர் வந்து ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும்.