நாவலாசிரியர் நிறைவு, நெறியாளர் உபரி

பதிப்பகம் ஒன்று கட்டணம் பெற்றுக்கொண்டு இணையவழியில் நடத்திய வாசகர் சந்திப்பைப் பற்றிய மதிப்பீடு இது. ஒரு நாவலாசிரியர், அவருடைய நூல்களை வரிவரியாகப் படித்திருக்கும் வாசகர்கள், பேசுபொருளாக மறக்க முடியாத பாத்திரங்கள். நான் மெய்ப்புத் திருத்துபவன். மூன்றாம் அத்தியாயத்தில் இடக்கையில் இருந்த தழும்பு இருபதாம் அத்தியாயத்தில் வலக்கைக்குத் தாவினால் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் இதையும் பார்த்தேன்.

முதல் அரை மணி நேரம் வீண். நெறியாளர் விருதுப் பட்டியலை வாசித்துவிட்டு, “உங்கள் பாத்திரங்கள் எங்கிருந்து பிறக்கிறார்கள்?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எந்த எழுத்தாளரும் உருப்படியாகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இவரும் ஏதோ மழுப்பினார். அடுத்து, ஒரே குணத்தில் அடங்கிவிடும் தட்டையான பாத்திரம், பல முகங்கள் கொண்டு நம்மை வியக்கவைக்கும் முழுமையான பாத்திரம் என்று ஆங்கில நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1927இல் தம் நாவல் கலை பற்றிய நூலில் பிரித்த பிரிவினை வந்தது. அங்கே மட்டும் நாவலாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஃபார்ஸ்டர் தட்டையானவர்களை ஏளனம் செய்யவில்லை, வாசகர் நினைவில் எளிதில் தங்குபவர்கள் அவர்களே என்றும் எழுதியிருக்கிறார் என்றார். டிக்கன்ஸின் மனிதர்கள் பெரும்பாலும் தட்டையானவர்கள், ஆனாலும் அவர்களிடம் உயிர் இருக்கிறது என்று அதே நூலில் வருவதையும் நினைவுபடுத்தினார். நெறியாளர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினார்.

வாசகர்களிடம் பேச்சு போன பிறகுதான் கொடுத்த காசுக்குப் பொருள் கிடைத்தது. ஒரு பெண்மணி கதாநாயகியைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டாவது நாவலில் நாலைந்து பக்கம் மட்டுமே வரும் இரவுக் காவலாளியைப் பற்றிக் கேட்டார். எந்த ரசீது கையில் கிடைத்தாலும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் மனிதர் அவர். “அம்மா, பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?” தெரியாது என்றார் நாவலாசிரியர். “உங்களுக்குத் தெரியும். தெரியாதவருக்கு அந்த ரசீது தோன்றியிருக்காது” என்று விடாமல் நின்றார் அந்த வாசகி.

நாவலாசிரியர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: முதல் பிரதியில் காவலாளிக்குத் தனி அத்தியாயமே இருந்ததாம். செய்யாத திருட்டுக்காக வேலையை இழந்தவர் அவர். வாங்கியதற்குச் சான்று இல்லாததுதான் அன்று அவரைக் கவிழ்த்தது. கதை தேங்குகிறது என்று பதிப்பாசிரியர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார். ரசீது மட்டும் தப்பியது. பாத்திரப் படைப்பைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பலவற்றைவிட இந்தப் பதிலில் விஷயம் அதிகம். காரணத்தை நீக்கிய பின்னும் பழக்கம் நிற்கிறது. வாசகர் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு காரணத்தைத் தேடுகிறார்.

இதைத் தொட்டு ஒரு நல்ல வாக்குவாதமும் நடந்தது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது, பாத்திரங்களுக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்று கேட்ட வாசகர்களுக்குக் கல்கி முடிவுரையில் பதில் சொன்னாரே, நீங்கள் மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்றார் ஒருவர். வாசகருக்கு வளைந்து கொடுத்தால் கதை கெடும் என்று இன்னொருவர் எதிர்த்தார். 1893இல் கோனன் டாயில் அருவியில் தள்ளிய ஷெர்லக் ஹோம்ஸை 1903இல் உயிரோடு திரும்பக் கொண்டுவர நேர்ந்ததை அவர் எடுத்துக்காட்டினார். நாவலாசிரியர் இரு பக்கமும் சாயாமல் டிக்கன்ஸிடம் போனார். ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ தொடராக வந்துகொண்டிருந்தபோது, அதில் வரும் குள்ளப் பெண் தன்னைப் பார்த்து வரையப்பட்டவள் என்று அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர் மனம் நொந்து முறையிட்டார். டிக்கன்ஸ் பின்னால் வந்த பகுதிகளில் அந்தப் பாத்திரத்தை நல்லவளாக மாற்றினார். “வாசகர் கேட்டால் மாற்ற மாட்டேன். காயப்பட்டவர் கேட்டால் யோசிப்பேன்” என்றார் நாவலாசிரியர். எனக்குப் பிடித்த பதில்.

பிடிக்காத பதிலும் உண்டு. ஒரு பாத்திரத்தின் வயது இரண்டு நாவல்களுக்கு நடுவே இடறுவதை ஒருவர் சுட்டியபோது, “ஹோம்ஸின் நண்பர் வாட்சனின் குண்டுக் காயமே முதல் கதையில் தோளிலும் அடுத்ததில் காலிலும் இருக்கிறது, யார் கவலைப்பட்டார்கள்?” என்று சிரித்துத் தள்ளிவிட்டார். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாசகர்கள் அதைப் பற்றித்தானே கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்!

ஏற்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். கேள்வியை எழுதித்தான் அனுப்ப வேண்டும், அதை நெறியாளர் தன் வாக்கியமாக்கி வாசிப்பார் என்பது சலிப்பான விதி. காவலாளியைப் பற்றிக் கேட்டவருக்கு ஒலிவாங்கி கிடைத்தது ஏதோ கோளாறால்தான். அந்தக் கோளாறு எல்லோருக்கும் நேர்ந்திருக்கலாம். ஒலி தெளிவு. கட்டணம் கட்டியவர்களுக்குப் பதிவும் அனுப்புகிறார்கள். நூல்களைப் படித்தவர்கள் தயங்காமல் வாங்கலாம். கடைசி நாவலை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் பதிவின் பின்பாதியைத் தொட வேண்டாம். அதில் யார் யாரைக் கொன்றார் என்பதை ஒரு வாசகர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார், நெறியாளரும் அதை மறுபடி உரக்கச் சொல்லி உறுதிப்படுத்துகிறார்.