டர்போ கை மாறிய கதை: பழைய ஈவோ, வீரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பழைய ஈவோ (மிட்சுபிஷி லான்சர் எவலூஷன்), ஈவோவாக மாற்றிய புரோட்டோன் வீரா அல்லது சத்ரியா, ஜிசி8 சுபாரு, எந்தக் கார் வைத்திருந்தாலும் சரி. "முழுசா ரீஸ்டோர் பண்ணி பவரும் ஏத்தித் தர்றேன்" என்று சொல்லும் பட்டறையில் காரை விடப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரளவு பெயர் உள்ள ஒரு பட்டறையில் எனக்கு நடந்தது இது. விவகாரம் தீர்ப்பாயத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. என்ன வேலைக்குக் காசு வாங்கினார்கள், எதைச் செய்யவில்லை, எதை எடுத்துக்கொண்டார்கள், அது எப்படித் தெரிய வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 1995ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா. வீரா 1993இல் வந்தபோது அதன் அடிப்படை மிட்சுபிஷி லான்சர். அதே தலைமுறை லான்சர் உடம்பில்தான் 1992இல் முதல் ஈவோ, 1994இல் இரண்டாவது, 1995இல் மூன்றாவது ஈவோ எல்லாம் வந்தன. அதனால்தான் ஜப்பானிலிருந்து வரும் ஈவோ 3 ஹாஃப் கட்டும் (வெட்டி எடுத்த முன்பாதி) பின்பாதியும் வாங்கி, வீராவின் பின் தரையை வெட்டி ஈவோ தரையைப் பற்றவைத்து ஃபோர் வீல் டிரைவ் ஆக்கும் வழக்கம் மலேசியாவில் இவ்வளவு வேரூன்றியது. டோமி மாக்கினென் 1996இல் உலக ராலி பட்டம் வென்ற கார் ஈவோ 3. நம்ம கரம்ஜித் சிங் புரோட்டோனில் போய் 2002இல் புரொடக்‌ஷன் பிரிவு உலகப் பட்டத்தைக் கொண்டுவந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் கார் எனக்கு வெறும் வாகனம் கிடையாது.

முந்தைய உரிமையாளர் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். என்ஜின் மாற்றத்தை ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) முறையாகக் கிராண்டில் (வாகனப் பதிவுச் சான்று) ஏற்றியும் வைத்திருந்தார். ஈவோ 3இன் 4ஜி63 டர்போ, ஜப்பானில் 270 குதிரைத்திறன் என்று விற்ற அதே என்ஜின். ஆனால் வயதாகிவிட்டது. ரப்பர் குழாய்கள் விறைத்துவிட்டன, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ லேசாகப் புகைத்தது, சூடானால் ஐடில் ஏறி இறங்கியது. டைமிங் பெல்ட் செட் மாற்றுவது, டர்போ ரீபில்ட், என்ஜினின் கணினியான ஈசியூவில் கெபாசிட்டர் மாற்றுவது, பெரிய பெட்ரோல் பம்ப், கடைசியாகப் பவரை அளக்கும் டைனோ எந்திரத்தில் வைத்து ட்யூன் செய்து 340 குதிரை எடுத்துத் தருவது என்று பேச்சு. மொத்தம் 23,000 வெள்ளி (ரிங்கிட்), மூன்று தவணை.

கார் சொன்ன தேதிக்குப் பல மாதம் தள்ளித்தான் கைக்கு வந்தது. தாமதத்தைப் பற்றி நான் எழுதவே போவதில்லை, பழைய கார் என்றால் அது இருக்கும். பெயின்ட் பளபளப்பாக இருந்தது, என்ஜின் பே கழுவித் துடைத்து, வால்வ் கவருக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். தவுக்கே (பட்டறை முதலாளி) ஒரு டைனோ தாளைக் கையில் கொடுத்தார். 341 என்று போட்டிருந்தது. கடைசித் தவணையையும் கொடுத்தேன்.

கராக் மலை நெடுஞ்சாலையில் ஏறியதும் தெரிந்துவிட்டது. 3,000 சுற்றைத் தாண்டினால் ஸ்டியரிங், சீட், கியர் குச்சி எல்லாம் நடுங்கின. பவரும் பழையதைவிடக் குறைவாகத்தான் தோன்றியது. டர்போ அழுத்தம் (பூஸ்ட்) சீக்கிரம் வருகிறது, மேலே போனால் மூச்சு வாங்குகிறது. திரும்பக் கொண்டுபோனேன். "தம்பி, மவுண்டிங் எல்லாம் கட்டி ரப்பர் போட்டிருக்கு, பவர் காடின்னா அப்படித்தான் நடுங்கும்" என்றார். மவுண்டிங்கைக் குனிந்து பார்த்தேன். பழைய மவுண்டிங்தான், கறுப்பு ஸ்பிரே அடித்திருந்தார்கள்.

அப்புறம் ஈப்போவில் ஒரு பெரியவரிடம் போனேன். ராலி கார்களில் வேலை செய்து ஓய்வு பெற்ற போமேன் (மெக்கானிக்), வீட்டுக்குப் பின்னால் சின்னக் கொட்டகை போட்டு வேலை பார்க்கிறார். நடுக்கத்தைக் கேட்டதும் அவர் என்ஜினைப் பிரிக்கவில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன போல்ட்டைக் கழற்றினார். டைமிங் குறிகளைச் சேர்த்து வைத்துவிட்டு, 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஸ்குரூ டிரைவரை அந்தத் துளைக்குள் விட்டார். விரல் கணு அளவு போனதும் டக்கென்று நின்றது. "இங்க பாருங்க தம்பி. சரியா இருந்தா இது 60 மில்லி உள்ளே போகணும். 25இல் நிக்குது."

4ஜி63இல் நடுக்கத்தை அடக்க இரண்டு பாலன்ஸ் ஷாஃப்ட் உண்டு. ஒன்றை ஆயில் பம்ப் பல்சக்கரம் சுழற்றுகிறது. பல்சக்கரத்தின் குறி வெளியே சரியாக நின்றாலும் உள்ளே ஷாஃப்ட் அரைச் சுற்று மாறி நிற்க முடியும். அதனால்தான் பெல்ட் மாட்டும் முன் இந்த ஸ்குரூ டிரைவர் சோதனை செய்யச் சொல்லி மிட்சுபிஷியின் சர்வீஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. அதைச் செய்யாமல் மாட்டினால் நடுக்கத்தை அடக்க வேண்டிய ஷாஃப்டே நடுக்கத்தைக் கூட்டும். அந்த என்ஜினைத் தெரிந்த எவரும் விடாத படி இது. கவரைத் திறந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெரிய பெல்ட் புதியது. அதற்கு உள்ளே இன்னொரு ஷாஃப்டுக்குப் போகும் சின்ன பெல்ட் பழையது, பல் இடுக்கெல்லாம் வெடிப்பு. பில்லில் இரண்டுக்கும் காசு போட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன பெல்ட் அறுந்தால் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி டைமிங் நழுவும், வால்வு பிஸ்டனில் மோதும், என்ஜின் அங்கேயே முடிந்தது. எத்தனை தடவை குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த மலைச்சாலையில் போயிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் கோபம் அடங்கவில்லை.

டர்போ விஷயம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது. ஈவோ 3 டர்போவைப் பெரிய 16ஜி என்று சொல்வார்கள், டிடி05எச்-16ஜி6. அதன் காற்று அழுத்தும் சக்கரம் 68 மில்லிமீட்டர். சின்ன 16ஜியில் அது 60. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பெரியவர் முன் உறையைக் கழற்றி வெர்னியர் வைத்து அளந்தார். 60. பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ரிவெட் துளை மட்டும் மிச்சம். என் காரில் இருந்த டர்போவில் ஆக்சுவேட்டர் பிராக்கெட் ஒருமுறை உடைந்து, முந்தைய உரிமையாளர் பித்தளை வைத்து ஒட்டிய அடையாளம் இருந்தது. கார் வாங்கியபோது எடுத்த படங்களில் அது தெளிவாகத் தெரிகிறது. இப்போது மாட்டியிருக்கும் டர்போவில் அந்த ஒட்டு இல்லை. ரீபில்ட் என்று காசும் வாங்கிக்கொண்டு, என் டர்போவையும் எடுத்துக்கொண்டு, வேறொன்றைத் துடைத்து மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்றால், என்ஜின் எண் கிராண்டில் இருக்கிறது. புஸ்பகோம் வாகனச் சோதனையில் பார்ப்பார்கள், அதனால் அதைத் தொட யோசிப்பார்கள். டர்போ, கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர், பின் டிஃப், ஈசியூ எதற்கும் கிராண்டில் இடம் கிடையாது. ஈவோ 3இன் அசல் பாகங்களுக்கு இன்றைக்கு இருக்கிற விலையில், உங்கள் கார் மாதக்கணக்கில் ஒரு பட்டறையின் மூலையில் நின்றால் அதில் கழற்றி விற்கக்கூடிய சாமான் எத்தனை ஆயிரம் வெள்ளி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஈசியூவையும் பிரித்துப் பார்த்தோம். அந்தக் காலத்து மிட்சுபிஷி ஈசியூக்களில் கெபாசிட்டர் கசிவது எல்லோருக்கும் தெரிந்த நோய். கசிந்த திரவம் போர்டில் உள்ள செம்புக் கோடுகளையே தின்றுவிடும். மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன மீன் வாடை. பழைய கெபாசிட்டர்கள் அப்படியே நிற்கின்றன, காலடியில் பச்சைப் பூஞ்சை பிடித்த மாதிரி அரிப்பு. சாலிடரிங் கம்பி அந்தப் பக்கம் போகவே இல்லை. இதற்கும் பில் உண்டு. பெட்ரோல் பம்பும் பழசுதான்.

டைனோ தாளுக்கு வருவோம். அந்தப் பட்டறையில் இருப்பது இரண்டு சக்கர டைனோ. ஈவோ 3இல் முன் பின் சக்கரங்களுக்குப் பவரைப் பிரிக்கும் நடு டிஃபரன்ஷியலோடு விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றவில்லை என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் அந்தக் கப்ளிங்தான் தாங்க வேண்டும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கர டைனோவில் முழு பவரில் ஓட்டினால் கப்ளிங் வெந்துபோகும், சரியான அளவும் கிடைக்காது. என் கப்ளிங் நல்லபடியாகவே இருக்கிறது. ஆக, அந்தத் தாள் என் காருடையது இல்லை. தாளின் ஓரத்தில் காற்றின் வெப்பநிலை 55 டிகிரி என்று இருந்தது. எந்த ஊர்க் காற்று அது? டைனோ கணினி சூடான காற்றுக்கு ஈடுகட்டிக் கணக்கைக் கூட்டித் தரும். சென்சாரை என்ஜினுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால், இல்லாத குதிரைகள் தாளில் வந்துவிடும். 32 டிகிரிக்கும் 55க்கும் இடையே ஏறக்குறைய நாலு சதவீதம் ஏறும். வேறொரு இடத்தில் நாலு சக்கர டைனோவில் வைத்தபோது என் கார் சக்கரத்தில் 198 காட்டியது.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு தவுக்கேயிடம் போனேன். டர்போ படத்தைக் காட்டியதும், "அது உங்க டர்போன்னு என்ன ஆதாரம் தம்பி" என்றார். ஒட்டுப் போட்ட பிராக்கெட்டைக் காட்டினேன். வேலை செய்த பையன் ஊருக்குப் போய்விட்டான் என்றார். பழைய பாகங்களைக் கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாச்சு என்றார்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். பலருக்கு இது தெரிவதில்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, பொதுவாக அனுமதிப்பதும் இல்லை, அதனால் நம் தரப்பை நாமே பேசிக்கொள்ளலாம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பில், வாட்ஸ்அப் பேச்சு, பணம் மாற்றிய பதிவு, முன்னும் பின்னும் எடுத்த படம், இன்னொரு போமேன் கையெழுத்திட்டுக் கொடுத்த அறிக்கை, இவைதான் அங்கே பேசும். ஈப்போ பெரியவர் அறிக்கை எழுதித் தந்ததோடு நேரில் வரவும் சம்மதித்திருக்கிறார். டர்போ திருட்டுக்குத் தனியாகப் போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று.

உங்கள் கார் இப்போது ஏதாவது ஒரு பட்டறையில் நிற்கிறது என்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். டர்போ தகடு, கியர்பாக்ஸ் எண், பின் டிஃப், ஈசியூ லேபிள், எல்லாவற்றையும் படம் எடுங்கள். இனிமேல்தான் விடப் போகிறீர்கள் என்றால், கண்ணுக்குச் சட்டென்று படாத இடத்தில் பெயின்ட் பேனாவால் ஒரு குறி போட்டுவிட்டு விடுங்கள். கழற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்கே திரும்ப வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் வாங்குங்கள். ஒழுங்கான பட்டறை இதற்கு முகம் சுளிக்காது. டைனோ என்றால் நாலு சக்கர டைனோவா என்று கேட்டு, ஓடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

கடைசியாக ஓர் உதவி. பெரிய 16ஜி டர்போ யாராவது விற்க வந்தால், ஆக்சுவேட்டர் பிராக்கெட்டின் மேல் மடிப்பைப் பாருங்கள். அங்கே பித்தளை ஒட்டு இருந்தால், விற்பவரிடம் எதுவும் சொல்லாமல் படம் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.