சென்னை ஏர்போர்ட்டில் யாராவது ‘மெட்ரோ ஓடல’ என்று சொன்னால் நம்பாதீர்கள்

போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு புனேயிலிருந்து சென்னை வந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து எழும்பூரில் போட்டிருந்த லாட்ஜுக்குப் போய்ச் சேர 1,900 ரூபாய் ஆனது. மின்சார ரயிலில் போயிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபது ரூபாய்க்கு மேல் ஆகியிருக்காது. போன பணம் போகட்டும். எங்களைக் காரில் ஏற்றிவிட்ட ஆள் எங்களிடம் சொன்ன பொய் இன்றைக்கும் அங்கே யாரிடமாவது சொல்லப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 72 வயது. வலது முட்டியில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் நடப்பார். கிளம்புவதற்கு முன்பே மதினி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “வெளிய வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனா திரிசூலம் ஸ்டேஷன். பீச் போற வண்டியில ஏறு, எக்மோர்ல இறங்கு. கென்னட் லேன் ஸ்டேஷனுக்கு எதிர்லயேதான் இருக்கு. மாமாவுக்கு நடக்க முடியலைன்னா மெட்ரோவுல வா.” இவ்வளவு எளிமையான வழி. அப்பா லாட்ஜ் முகவரியை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

விமானம் எட்டரைக்கு இறங்கியது. பெட்டிகளை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்தை விட்டு வெளியே வரும்போது ஒன்பதுகூட ஆகவில்லை. ட்ராலியைத் தள்ளிக்கொண்டு, மெட்ரோ போர்டு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்தபடி நின்றேன். நின்றது நாலைந்து விநாடிதான் இருக்கும். நீலப் பட்டையில் அடையாள அட்டை தொங்க ஒருவர் பக்கத்தில் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. டாக்ஸி வேண்டுமா என்று அவர் கேட்கவே இல்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். “எங்க மேடம் போகணும், மெட்ரோவா?” என்றுதான் கேட்டார். ஆமாம், எக்மோருக்கு என்றேன்.

“மெட்ரோ இல்லையே மேடம். செகண்ட் ஃபேஸ் வேலை நடக்குதுல்ல, எட்டு மணியோட நிறுத்திடறாங்க. திரிசூலத்துலயும் ட்ரெயின் கேன்சல், லைன்ல வேலை. அப்பாவ வச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் நடந்து போய்த் திரும்பி வரப் போறீங்களா?”

இந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருந்ததுதான். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை சென்னை முழுக்க நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். தண்டவாளப் பராமரிப்புக்காக மின்சார ரயில்களைச் சில நாள் ரத்து செய்வதும் உண்டு, பேப்பரிலேயே போடுவார்கள். ஆனால் இரண்டாம் கட்டப் பாதைகள் வேறு. ஏர்போர்ட்டிலிருந்து கிண்டி, அண்ணா சாலை, சென்ட்ரல் வழியாக விம்கோ நகர் போகும் நீலப் பாதை தினமும் காலை ஐந்து மணிக்குத் தொடங்கி இரவு பதினோரு மணி வரைக்கும் ஓடுகிறது. 2016லிருந்து ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ இருக்கிறது. புனேயில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் நான் தெரிந்துவைத்திருக்கவில்லை. மதினிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை.

நான் யோசிப்பதற்குள் அவர் ட்ராலியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். “எக்மோர்தானே, ஐநூத்தம்பது ரூபா. ஆப்ல பாருங்க, இதவிட ஜாஸ்திதான் காட்டும்.” அப்பா ஏற்கெனவே அவர் பின்னால் நடக்க ஆரம்பித்திருந்தார். அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்தில் அட்டை போட்டவர் ஏர்போர்ட் ஆள் என்று நினைத்துவிட்டார், நானும் அப்படித்தான் நினைத்தேன். அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவைகூடப் படிக்கவில்லை.

கார் ஓரமாக, வெளிச்சம் குறைவான இடத்தில் நின்றது. ஓட்டுவதற்கு வேறு ஆள். பெட்டிகளை டிக்கியில் வைத்து மூடும்போதுதான் நம்பர் பிளேட் கண்ணில் பட்டது. வெள்ளைப் பிளேட்டில் கறுப்பு எழுத்து, ஓன் போர்டு வண்டி. வாடகைக்கு ஓடுகிற வண்டி என்றால் மஞ்சள் பிளேட் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பெட்டி உள்ளே போய்விட்டது, அப்பா சீட்டில் உட்கார்ந்துவிட்டார், ‘சரி, எழும்பூர்தானே’ என்று நானும் ஏறிவிட்டேன். தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள். வெள்ளைப் போர்டைப் பார்த்தால் ஏறின பிறகும் இறங்கிவிடுங்கள்.

ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்து மீனம்பாக்கம் தாண்டியிருக்க மாட்டோம். அந்தப் பகுதியில் மெட்ரோ சாலையை ஒட்டித் தூண்களின் மேல் போகிறது. அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். “ஏம்மா, மேல ரயிலு போகுதே” என்றார். குனிந்து பார்த்தேன். ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிய, உள்ளே ஆட்கள் கம்பியைப் பிடித்து நிற்பது தெரிய, மெட்ரோ எங்களைத் தாண்டி ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

டிரைவரிடம் கேட்டேன். “அது டிப்போவுக்குப் போற வண்டிம்மா” என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். உள்ளே அத்தனை பேர் நிற்கிறார்களே என்றேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்போதே கிண்டியிலோ சைதாப்பேட்டையிலோ நிறுத்தச் சொல்லி, வெளிச்சமான இடமாகப் பார்த்து இறங்கியிருக்க வேண்டும். பெட்டிகள் டிக்கியில், பக்கத்தில் வயதானவர், இரவு நேரம், பெண்ணாக வேறு இருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழும்பூரில் வண்டி லாட்ஜ் வாசலுக்கு வரவில்லை. காந்தி இர்வின் சாலையிலேயே ஓரங்கட்டி, “உள்ள வண்டி போகாதும்மா” என்று சொல்லிவிட்டு போனில் கால்குலேட்டரைத் திறந்தார். 550 ஒரு ஆளுக்காம், அதனால் 1,100. பெட்டி மூன்று, ஒன்றுக்கு நூறு என்று 300. பார்க்கிங் 200. நைட் பேட்டா 300. மணி அப்போது ஒன்பதே முக்கால். போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். 1,900.

கார் வாடகையில் ஆளுக்கு இவ்வளவு என்று யார் வாங்குகிறார்கள்? சத்தம் போட்டேன். அவர் பதிலுக்குச் சத்தம் போடவே இல்லை. “பேசுனவர்கிட்ட கேட்டுக்குங்கம்மா, எனக்குத் தெரியாது” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டிக்கியை மட்டும் திறக்கவில்லை. அப்பாவின் மருந்துப் பை, மறுநாள் நிச்சயதார்த்தத்துக்கு வைக்க வேண்டிய புடவை, எல்லாம் அதற்குள். “குடுத்துட்டு வாம்மா, கால் வலிக்குது” என்றார் அப்பா. ஸ்கேன் செய்து அனுப்பினேன். பணம் வந்துவிட்டது என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் டிக்கி திறந்தது.

லாட்ஜ் ரிசப்ஷனில் இருந்த தம்பியிடம் மெட்ரோ எட்டு மணிக்கே நின்றுவிடுகிறதா என்று கேட்டேன். “யார் சொன்னா அக்கா? இப்பதான் முந்நூத்தி நாலு ரூம்காரங்க ஏர்போர்ட்லேருந்து மெட்ரோவுல வந்தாங்க” என்றான். அப்பா அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. என்னிடம் பணம் வாங்கியவர்கள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது அப்போதுதான்.

மறுநாள் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்தேன். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் விட்டது பெரிய தப்பு. பணம் அனுப்பிய ரசீது மட்டும் இருந்தது, அதன் நகலை வைத்தேன். உங்களுக்கு இப்படி நடந்தால், பெட்டி உள்ளே போகும் முன்பே நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டில் யாருக்காவது அனுப்பிவிடுங்கள். அதை அவர்கள் பார்க்கும்படியே செய்யுங்கள். கடைசியில் டிக்கியைத் திறக்க மறுத்தால் அங்கேயே நின்று 112க்குப் போன் போடுங்கள். அவர்கள் இருட்டில் நிறுத்துவதே நாம் பயந்து கொடுத்துவிடுவோம் என்றுதான்.

இனி வழி. திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு நேர் எதிரே, ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம். சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை இருக்கிறது. கடற்கரை போகும் வண்டி கிண்டி, மாம்பலம், நுங்கம்பாக்கம், எழும்பூர், பார்க் எல்லாவற்றிலும் நிற்கும். தி.நகரில் தங்குகிறவர்களுக்கு மாம்பலம்தான். சென்ட்ரலுக்குப் பார்க்கில் இறங்கிச் சாலையைக் கடந்தால் போதும். காலையிலும் மாலையிலும் ஆபீஸ் நேரத்தில் பெரிய பெட்டியோடு ஏறுவது கஷ்டம், அந்த நேரத்தில் மெட்ரோவே நல்லது. மெட்ரோ ஸ்டேஷன் ஏர்போர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, லிஃப்ட் உண்டு. 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்ததிலிருந்து எவ்வளவு தூரம் போனாலும் 50 ரூபாயைத் தாண்டுவதில்லை. எழும்பூருக்கு என்றால் ஆலந்தூரில் பச்சைப் பாதைக்கு மாற வேண்டும், இல்லையென்றால் நேரே சென்ட்ரல் போய் அங்கே மாறினால் அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். கோயம்பேடு, வடபழனி போகிறவர்களுக்கும் ஆலந்தூர்தான். மாறுவது எல்லாம் ஸ்டேஷனுக்கு உள்ளேயேதான், வெளியே வர வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் எடுக்கலாம்.

தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொன்று. அந்தப் பக்கம் போகும் பஸ்கள் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்துக்கு மாறிவிட்டன. ‘பஸ் எல்லாம் கோயம்பேட்டுலதான்’ என்று யாராவது காரில் ஏற்றப் பார்த்தால் ஏறாதீர்கள், எதிர்த்திசைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். திரிசூலத்தில் தாம்பரம் வண்டி ஏறி, தாம்பரத்திலிருந்து மாநகரப் பஸ்ஸில் கிளாம்பாக்கம் போய்விடலாம்.

நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கும் நடக்கவே முடியாதவர்களுக்கும் கார் வேண்டியதுதான். அப்போது ப்ரீபெய்டு கவுண்டரில் பணம் கட்டி ரசீதை வாங்குங்கள், இல்லையென்றால் ஆப்பில் போடுங்கள். நீங்கள் தேடிப் போகிற கார் வேறு, உங்களைத் தேடி வருகிற கார் வேறு.

மூன்றாம் நாள் என் கணவரும் பையனும் வந்தார்கள். அழைத்துவர எழும்பூரிலிருந்து மின்சார ரயிலிலேயே போனேன். திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக ஏர்போர்ட்டுக்குள் வந்துவிட்டேன். விமானம் இறங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. அங்கே அதே நீலப் பட்டை. அதே ஆள். கைக்குழந்தையோடு நின்ற ஒரு வடக்கத்திக் குடும்பத்திடம் “மெட்ரோ பந்த் ஹை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ட்ராலியில் ஒரு கை ஏற்கெனவே இருந்தது.

நேராகப் போய் அந்தப் பெண்ணிடம், மெட்ரோ ஓடுகிறது, நானே கூட்டிப் போகிறேன் என்று இந்தியில் சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டாரா தெரியாது. “உங்களுக்கு என்ன மேடம் வந்துச்சு” என்றார். “மூணு நாள் முன்னாடி எங்க அப்பாகிட்டயும் இதையேதான் சொன்னீங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ட்ராலியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அவர்களுக்கு சென்ட்ரல் பக்கத்தில் ரூம். மெட்ரோ வாசலில் பெட்டிகளை ஸ்கேனரில் வைக்கும் வரைக்கும் கூடவே போனேன். எவ்வளவு ஆகும் என்று அந்தப் பெண்ணின் கணவர் கேட்டார். ஆளுக்கு நாற்பது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்றேன். அவர் திரும்பத் திரும்ப நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தரையிறங்கிவிட்டோம் என்று என் கணவரிடமிருந்து போன் வந்தது.