உப்புக்காற்றில் ஆறு வருடம்: என் ஆஷ் ஸ்டிக்

2019 ஏப்ரலில் சென்னைக்குப் போய் ஒரு ஸ்னூக்கர் ஸ்டிக் வாங்கினேன். ஆஷ் மரம், 58 அங்குல நீளம், 18 அவுன்ஸ் எடை, முக்கால் பங்கில் கழற்றி மாட்டும் ஜாயின்ட், மரத்தின் முனையை இறுகப் பிடிக்கும் பித்தளைப் பூண் (ஃபெரூல்), அதன் மேல் பந்தைத் தொடும் 9.5 மில்லிமீட்டர் தோல் டிப். விலை 8,500 ரூபாய். அப்போதைய என் சம்பளத்துக்கு அது பெரிய தொகை, இரண்டு மாதம் யோசித்துத்தான் வாங்கினேன். இன்றுவரை வாரத்துக்கு மூன்று மாலை அதே ஸ்டிக்கில்தான் ஆடுகிறேன்.

வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். மொட்டை மாடிக்குப் போனால் கடல் தெரியும். ஜன்னல் கம்பி துருப்பிடித்து உதிர்கிற இடத்தில் ஒரு மரக்கோலை நேராக வைத்திருப்பது எப்படி? இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அதுதான். ஸ்டிக்கைப் பராமரிப்பது பற்றி வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள். ஐப்பசி மழையில் நம் ஊரில் ஒரு ஸ்டிக் என்ன பாடுபடும் என்பது அவர்கள் பேச்சில் வராது. புதுவை, கடலூர் பக்கம் சொந்த ஸ்டிக் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், சொந்த ஸ்டிக் தேவையா? நான்கு வருடம் பொது ஸ்டிக்கில் ஆடியவன் நான். சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் பத்தில் எது கையில் கிடைக்கிறதோ அது. ஒன்று கனமாக இருக்கும், இன்னொன்றின் டிப் தேய்ந்து மொட்டையாக இருக்கும், வேறொன்று வாழைத்தண்டு போல லேசாக வளைந்திருக்கும். எங்கள் கிளப்பில் பந்து அடுக்கி ஸ்கோர் சொல்லும் மார்க்கர் அண்ணன்தான் ஒரு நாள் சொன்னார்: "தம்பி, சொந்த ஸ்டிக் வாங்குனா நீ நல்லா ஆடிடுவேன்னு நான் சொல்லல. ஆனா மிஸ் ஆச்சுன்னா தப்பு யாருதுன்னு தெரியும்ல?" வாங்கிய முதல் மாதத்திலேயே அது புரிந்தது. கறுப்புப் பந்து (பிளாக்) பாக்கெட் வாயில் தட்டி வெளியே வந்தால் இனி ஸ்டிக்கைச் சொல்ல முடியாது. என் முழங்கை ஆடியது, அல்லது அடித்த உடனே தலையைத் தூக்கிவிட்டேன். ஒரே ஸ்டிக் என்பதால் பிழையும் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தது. அப்படி வந்தால்தான் திருத்த முடியும்.

ஏன் ஆஷ்? மேப்பிள் மரத்தில் ரேகை கண்ணுக்கு அதிகம் தெரியாது, வழவழவென்று இருக்கும். ஆஷ் மரத்தில் ரேகை அம்பு அம்பாக, ஒன்றன் மேல் ஒன்று குவிந்தது போல டிப் வரைக்கும் ஓடும். அழகுக்காகத்தான் எடுத்தேன், ஆனால் அதற்கு ஒரு பயன் இருக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்த அம்பு வரிசை மேலே பார்த்தபடி இருக்குமாறு பிடித்துவிட்டால், ஸ்டிக் எப்போதும் ஒரே வாட்டத்தில் கைக்குள் உட்காரும். குனிந்து தாடை ஸ்டிக்கைத் தொடும்போது கண்ணுக்குக் கீழே அந்த அம்புகள் ஒயிட்டை, அதாவது ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பந்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அது பெரிய துணை.

சரி, உப்புக்காற்றுக்கு வருகிறேன்.

முதல் மழைக்காலத்தில் ஸ்டிக்கை அலமாரி ஓரம் சாய்த்து வைத்திருந்தேன். அது பெரிய தப்பு. சாய்ந்து நிற்கும் மரம் தன் எடையிலேயே மெல்ல வளையும், ஈரம் ஏறிய மரம் இன்னும் சீக்கிரம் வளையும். கார்த்திகை முடிவதற்குள் டிப் பக்கம் மயிரிழை வளைவு வந்துவிட்டது. டேபிளில் உருட்டிப் பார்த்தால் டிப் பக்கம் மட்டும் துள்ளியது. நல்ல வேளையாக அது நிரந்தரமாகவில்லை. பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் விட்டேன். இரண்டு மாதத்தில் பெருமளவு நேராகிவிட்டது. அன்றிலிருந்து பெட்டி கட்டிலுக்கு அடியில் போகாது, வெளிச்சுவர் ஓரமும் போகாது. உள்சுவர் பக்கம் உள்ள பரணில் படுத்திருக்கும். பெட்டிக்குள் நாலு சிலிக்கா ஜெல் பொட்டலம். மாத்திரை டப்பாவிலும் புது ஷூ பெட்டியிலும் வருவதையே சேர்த்து வைத்துப் போடுகிறேன். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் ஸ்டிக்கை விடவே கூடாது. அந்தச் சூடு மரத்தையும் கெடுக்கும், பசையையும் இளக்கும்.

2020இல் ஊரடங்கு வந்து கிளப் மூடியது. பெட்டியை மாதக்கணக்கில் திறக்கவில்லை. திறந்தபோது உள்ளே இருந்த ஸ்பாஞ்சில் பூஞ்சை, பித்தளை ஃபெரூலில் பச்சையாகக் களிம்பு. வீட்டில் குத்துவிளக்குக்குச் செய்வதுபோல நானும் புளியைக் கரைத்துத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, மனசுக்கு நிறைவாக இருந்தது. மறுநாள் விரலால் திருகினால் ஃபெரூல் லேசாகச் சுற்றியது. புளித்தண்ணீர் ஓரமாக இறங்கி, மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே இருந்த பிடிப்பைக் கெடுத்துவிட்டது. மீண்டும் கழற்றி ஒட்டி, சமமாக்கிப் பொருத்த ஒரு தச்சரிடம் இரண்டு வாரம் விட வேண்டியிருந்தது. ஸ்டிக்கின் பித்தளைக்குத் தண்ணீரே ஆகாது. உலர்ந்த துணி போதும். கறை விடாவிட்டால் மரத்தில் படாதபடி மறைப்பு டேப் ஒட்டிக்கொண்டு, துணியில் ஒரு பொட்டு மெட்டல் பாலிஷ் தொட்டுத் தேய்த்தால் போகும்.

ஆட்டம் முடிந்ததும் ஸ்டிக் முழுக்க உலர்ந்த துணியால் துடைப்பேன். உள்ளங்கை வியர்வையும் உப்புதானே! வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பொங்கலுக்குப் பின்னும், ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு துணியில் எடுத்து மெல்லியதாகத் தேய்த்து, மிச்சம் இல்லாமல் துடைத்துவிடுவேன். எண்ணெய் அதிகமானால் ஸ்டிக் பிசுபிசுத்து விரலில் ஒட்டும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கக்கூட வாய்ப்புண்டு. விரித்துக் காயவிட்டு அப்புறம் எறியுங்கள்.

இனி டிப். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் தீராது. 58 அங்குல ஸ்டிக்கில் பந்தைத் தொடுவது அந்தச் சின்னத் தோல் வட்டம் மட்டும்தான். ஸ்டிக்கின் முனையில் தோலை ஒட்டும் யோசனையைக் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் பிரான்சுவா மேன்கோ என்ற பிரெஞ்சுக்காரர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன்பு வெறும் மரமுனை. ஓரத்தில் அடித்தால் வழுக்கும், சுழற்சி கொடுக்கவே வழியில்லை. பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருக்களைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். டிப்பை ஒட்டும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

ஆறு வருடத்தில் பதினொரு டிப் மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன். ஒன்று மையம் விலகி ஒட்டியிருந்தது. இன்னொன்றில் டிப்போடு சேர்த்து ஃபெரூலையும் உப்புத்தாளில் தேய்த்துச் சின்னதாக்கிவிட்டார்கள். அதன் பிறகு நானே செய்கிறேன். பெரும்பாலும் எல்க் மாஸ்டர், நீல நிறம், மிருதுவான தோல். மிருது என்பதால் பந்தைக் கொஞ்சம் நேரம் பிடித்து விடுவது போன்ற உணர்வு, ஒயிட்டைப் பின்னால் வரவழைக்கும் ஸ்க்ரூ ஷாட் அடிக்கத் தோது. குறையும் அதுவே. நாலைந்து வாரத்தில் ஓரம் காளான் குடை மாதிரி விரிந்து ஃபெரூலுக்கு வெளியே தள்ளும். நம் ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒட்டுவதற்கு முன் டிப்பை வைஸ் என்ற இறுக்குப்பிடியில் வைத்து ஒரு இரவு முழுக்க அழுத்தி வைத்தால் தோல் இறுகி, விரிவது பாதியாகக் குறையும். ஒரு பெட்டியில் வரும் எல்லா டிப்பும் ஒன்றுபோல இருக்காது. நகத்தால் அழுத்திப் பார்த்து, சட்டென்று குழி விழுவதை ஒதுக்கிவிடுவேன்.

ஒட்டும் விதம் இதுதான். பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்து, ஃபெரூல் தலையில் இருக்கும் பசையை முழுக்கச் சுரண்ட வேண்டும். தலை துளிகூடச் சாயாமல் சமமாக இருக்க வேண்டும். டிப்பின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஜெல் வகை சூப்பர் க்ளூ ஒரு பொட்டு வைத்து, நடுவில் நிறுத்தி அழுத்த வேண்டும். மழை நாளில் நான் ஒட்டுவதில்லை. ஒட்டிய டிப்பை ஒரு இரவு விட்டுவிட வேண்டும். மறுநாள் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, ஓரத்தை ஃபெரூல் மட்டத்துக்குச் சீவி, மேலே நாணய விளிம்பு போன்ற வளைவு வரும்வரை உப்புத்தாளால் உருட்டித் தேய்ப்பேன். கடைசியாகப் பக்கவாட்டில் எச்சில் தொட்டு, தாளால் இறுக்கித் தேய்த்தால் ஓரம் கருத்துப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு வந்தால் சீக்கிரம் விரியாது.

டிப் வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் கட்டியைத் திருகித் துளை போடாமல் பூசுங்கள். பெயின்ட் அடிப்பதுபோல ஓரமாகத் தடவினால் போதும். மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் சாக் ஈரம் கோத்து வழவழப்பாகிவிடும், டிப்பில் ஒட்டாது. சின்ன மூடி டப்பாவில் வைத்திருப்பேன். பந்தின் மையத்திலிருந்து ஆரத்தில் பாதிக்கு மேல் விலகி அடித்தால் எப்பேர்ப்பட்ட டிப்பும் வழுக்கும். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர். அப்படியானால் நமக்கு இருக்கும் இடம் மையத்திலிருந்து 13 மில்லிமீட்டர்தான். ஸ்க்ரூ வரவில்லை என்று நான் மேலும் மேலும் கீழே அடித்துக்கொண்டிருந்த காலம் உண்டு. 13 மில்லிமீட்டருக்குள் நின்று, ஸ்டிக்கைச் சமமாக வைத்து, பந்தைத் தாண்டி ஒரு சாண் அளவு தள்ளிவிட்டபோதுதான் ஒயிட் பின்னால் வந்தது.

டேபிளும் மழையைக் குடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பரணில் இருந்ததால் ஸ்டிக் தப்பியது. கிளப் முதல் மாடி என்பதால் வெள்ளம் ஏறவில்லை, ஆனால் துணி ஈரம் கோத்து சாக்குப்பை மாதிரி ஆகிவிட்டது. முன்பு டேபிள் ஓரத்து ரப்பர் குஷன் மூன்றைத் தொட்ட பந்து இரண்டாவதிலேயே மூச்சு வாங்கி நின்றது. மார்க்கர் அண்ணன் டேபிள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். ஸ்னூக்கர் துணிக்குப் பூனை முதுகு போல ஒரு பக்கமாகப் படியும் மயிர் உண்டு. அது ஆட்டம் தொடங்கும் பால்க் பக்கத்திலிருந்து பிளாக் நிற்கும் பக்கம் ஓடும். முதலில் அந்தப் போக்கிலேயே பிரஷ் போட்டார், அப்புறம் அதே போக்கில், ஒரே இழுவையில், நடுவில் நிறுத்தாமல் இஸ்திரி. எதிர்ப்பக்கம் போகவே இல்லை. துணியிலிருந்து ஈர நூல் வாசனை வந்தது. நாலு இழுவைக்குப் பிறகு பந்தை உருட்டினார், சத்தமே மாறியிருந்தது.

இதே ஸ்டிக்கில் பூலும் ஆடலாமா என்று கேட்பார்கள். முதல் இரண்டு வருடம் பந்துக் குவியலை உடைக்கும் முதல் ஷாட்டான பிரேக்கையும் இதிலேயே அடித்தேன், இனி பிரேக் மட்டும் அடிக்கமாட்டேன். பூல் பந்து 57 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், எடை 156 முதல் 170 கிராம். பூல் ஸ்டிக்கின் டிப் 12, 13 மில்லிமீட்டர் இருப்பது சும்மா இல்லை. பதினைந்து பந்தையும் முழு வேகத்தில் உடைத்தபோது என் மெல்லிய டிப் மாதத்தில் இரண்டு முறை தட்டையானது. இப்போது பிரேக்குக்குப் பொது ஸ்டிக், மற்றதற்கு என் ஸ்டிக். அது நன்றாகவே போகிறது.

பூல் என்றால் விதிச் சண்டையும் கூடவே வரும். எங்கள் கிளப்பில் ஃபவுல் ஆனால் எதிராளிக்கு இரண்டு ஷாட். உலக விதியில் ஒயிட்டைக் கையில் எடுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கடைசியாகப் போட வேண்டிய எட்டாம் நம்பர் பந்து பிரேக்கிலேயே விழுந்தால் இங்கே பலர் ஜெயித்ததாகக் கொண்டாடுவார்கள். உலக விதியில் அது வெற்றி இல்லை. எட்டைத் திரும்ப வைத்து ஆடலாம், அல்லது மறுபடி உடைக்கலாம். தோற்றவர் டேபிள் காசு கொடுக்கும் வழக்கம் இருப்பதால், எந்த விதி என்பதை முதல் பிரேக்குக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. ஸ்னூக்கரில் இந்தத் தொல்லை குறைவு. அந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிறந்து, 1882இல் நம் ஊட்டி கிளப்பில் விதிகளாக எழுதி மாட்டப்பட்டது. ஃபவுலுக்குக் குறைந்தபட்ச அபராதம் நாலு பாயின்ட் என்பதில் எங்கள் கிளப்பில் யாரும் வாதாடிப் பார்த்ததில்லை.

எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தது சரியா? எனக்குச் சரி. ஆனால் ஆடத் தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர் அவசரப்பட வேண்டாம். வாங்கினால் ஓவியம், கல் பதித்த பிடி இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கடையிலேயே ஜாயின்ட்டைக் கழற்றி இரண்டு துண்டையும் தனித்தனியாக உருட்டுங்கள், சேர்த்து ஒருமுறை உருட்டுங்கள். அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து டிப் வரை பாருங்கள். மிச்சப்படும் காசில் நல்ல கெட்டிப் பெட்டி ஒன்றும் ஒரு பெட்டி டிப்பும் வாங்குங்கள்.

என் ஸ்டிக்கின் இன்றைய நிலை: டிப் பக்கம் பழைய வளைவின் சாயல் இருக்கிறது, ஆட்டத்தில் தெரிவதில்லை. ஃபெரூல் கடையில் தேய்த்ததில் கொஞ்சம் மெலிந்ததோடு சரி. ஜாயின்ட் இன்னும் கடைசிச் சுற்றில் "டக்" என்று உட்காருகிறது. பதினோராவது டிப் ஓரம் விரியத் தொடங்கிவிட்டது. பன்னிரண்டாவது நேற்று இரவே வைஸுக்குப் போய்விட்டது, இன்று வெயில் அடித்தால் ஒட்ட வேண்டும்.