ஆபீஸ் பொங்கல் விழாவுக்கு அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மார்கழி பிறந்ததும் ஒவ்வொரு ஆபீஸிலும் பொங்கல் விழாவுக்குக் கொட்டேஷன் வாங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஓஎம்ஆர், கிண்டி, அம்பத்தூர் பக்கம் அட்மின், எச்ஆர் வேலையில் இருந்துகொண்டு அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், போன பொங்கலுக்கு எங்கள் ஆபீஸில் நடந்ததைத் தெரிந்துகொண்டு பணத்தை அனுப்புங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் எங்களை ஏமாற்றிய விழா ஏற்பாட்டாளரின் பெயரை எழுதவில்லை. அவர் செய்த விதத்தை மட்டும் விவரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் இன்னும் இரண்டு ஆபீஸ்களில் அச்சாக இதே மாதிரி நடந்திருக்கிறது.

எங்களுடையது பெருங்குடியில் இருக்கும் நடுத்தர கம்பெனி. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கேப் டிரைவர்கள் எல்லோரையும் சேர்த்து 220 பேருக்கு விழா. 'பாரம்பரிய பேக்கேஜ்' என்று ஒரு கொட்டேஷன் வந்தது. வாழை இலைச் சாப்பாடு இலைக்கு 450 ரூபாய் வீதம் 99,000. பறையாட்டம் 8 பேர், பொய்க்கால் குதிரை 4 பேர், இதற்கு 75,000. கரும்பு, மாவிலைத் தோரணம், வாழை மரம், போட்டோ எடுக்க ஒரு மாட்டு வண்டி, இந்த அலங்காரத்துக்கு 60,000. உறியடி, கோலப் போட்டி, மைக் செட்டுக்கு 31,000. மொத்தம் 2,65,000, அதன் மேல் ஜிஎஸ்டி 18%. சீசன் என்பதால் 60% முன்பணம் கொடுத்தால்தான் தேதியை உறுதி செய்வோம் என்றார்கள். 1,59,000 அனுப்பினோம். விழாவுக்கு முந்தின நாள் இரவு, கலைஞர்கள் ஊரிலிருந்து வர வண்டி வாடகை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கிளம்ப மாட்டார்கள் என்று போன் செய்து இன்னும் 50,000 கேட்டார். அது அவருடைய சொந்த ஜிபே நம்பருக்குப் போனது.

போகிக்கு முந்தின வேலை நாளில்தான் விழா. அன்று சாயங்காலம் ஆபீஸில் பாதிப் பேர் கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து ஊருக்குப் போகிறவர்கள், பையோடுதான் வேலைக்கே வந்திருப்பார்கள். அதனால் நாலு மணிக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லியிருந்தோம், எழுதியும் இருந்தார்கள்.

காலை எட்டரை மணிக்கு கேட்டிலேயே சிக்கல். பொங்கல் வைக்க அவர்கள் கொண்டுவந்தது வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டர். சமையல் கான்ட்ராக்ட்டுக்கு 19 கிலோ நீல நிற கமர்ஷியல் சிலிண்டர்தான் பயன்படுத்தலாம், வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். எங்கள் கட்டட நிர்வாகம் இந்த விஷயத்தில் கறார், உள்ளே விடவில்லை, அவர்கள் செய்தது சரிதான். தீயணைப்பான் வைத்து, திறந்த வெளியில், கமர்ஷியல் சிலிண்டரோடு என்று நாங்கள் எழுத்தில் வாங்கிய அனுமதியின் காப்பி ஏற்பாட்டாளரிடம் இருந்தது, படித்தே பார்க்கவில்லை போல. மாற்று சிலிண்டர் வந்து சேரப் பத்தரை ஆகிவிட்டது. பித்தளைப் பானை என்று சொல்லியிருந்தார்கள், வந்தது அலுமினிய குண்டான். தோரணம் பிளாஸ்டிக், வாழை மரம் ஃபிளெக்ஸில் அச்சடித்தது, மாட்டு வண்டி என்பது தெர்மோகோலில் வெட்டின ஒரு சக்கரம். இதெல்லாம் கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

சாப்பாட்டை விட முடியாது. பன்னிரண்டரைக்கு வர வேண்டியது இரண்டேகாலுக்கு வந்தது. வாழை இலை இல்லை, பச்சை நிறத்தில் இலை மாதிரி அச்சடித்த பேப்பர். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு வாயில் வைத்ததும் புளித்தது. சமைத்ததைப் பரிமாறும் வரை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது, இங்கே விடியற்காலையில் மூடிய பாத்திரத்தை எங்கள் முன்னால்தான் திறந்தார்கள். கூட்டை உடனே எடுக்கச் சொல்லிவிட்டோம். சுமார் 130 பேர் சாப்பிட்டதும் சாதம் தீர்ந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் வடை, பாயசம் எதுவும் இல்லை. 220 இலைக்குப் பேசிவிட்டு அதில் அறுபது சதவீதத்துக்குச் சமைத்திருக்கிறார்கள். ஆபீஸ் விழாவில் எல்லோரும் சாப்பிட மாட்டார்கள், யாரும் இலையை எண்ண மாட்டார்கள் என்ற கணக்கு அது.

எண்ணாவிட்டாலும் யாருக்கு இல்லாமல் போகும் என்பது எங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடைசிப் பந்தியில் உட்காருபவர்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், டிரைவர்கள். காலை ஆறு மணிக்கு வந்து தரையைத் துடைத்து, கோலத்துக்கு இடம் ஒதுக்கி, நாற்காலி தூக்கிப் போட்டவர்கள் அவர்கள்தான். வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் அவர்களும் நாங்களும் ஒரே பந்தியில் சாப்பிடுவோம், இந்த விழாவை நான் ஆசைப்பட்டு எடுத்துச் செய்வதே அதற்காகத்தான். புதுப் புடவை கட்டி வந்திருந்த ஓர் அக்கா, "பரவாயில்ல மேடம், வீட்ல போய் சாப்ட்டுக்கறேன்"னு சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து ஹோட்டலில் ஆள் அனுப்பி சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம், அவர்கள் சாப்பிட உட்காரும்போது மணி நாலு. அந்த ஆளை நான் எதற்கு மன்னித்தாலும் இதற்கு மன்னிக்க மாட்டேன்.

கலைஞர்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலை பதினொரு மணிக்கு வர வேண்டிய பறைக் குழு மூன்று மணிக்கு வந்தது, எட்டுப் பேருக்குப் பதிலாக நாலு பேர். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்று காலையிலிருந்து வேறு ஆபீஸில் வாசித்துவிட்டு, அங்கேயும் சாப்பிடாமல், நேராக இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டிருக்கிறார்கள். தோல் பறையைத் தீயில் காய்ச்சினால்தான் சத்தம் கணீரென்று வரும், அதற்கு ஓர் இடம் வேண்டும் என்று முன்கூட்டியே கட்டட நிர்வாகத்திடம் கேட்டு வைப்பது ஏற்பாட்டாளரின் வேலை. அதையும் செய்யவில்லை. பார்க்கிங் ஓரத்தில் நாங்களே கெஞ்சி இடம் வாங்கிக் கொடுத்தோம். அப்புறம் அவர்கள் வாசித்த இருபது நிமிஷம்தான் அன்றைக்கு நடந்த உண்மையான விழா, ஆனால் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

குழுத் தலைவரிடம், "அண்ணே, உங்களுக்கு எவ்வளவு பேசியிருக்காங்க?" என்று கேட்டேன். "நாலு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் மேடம், ரெண்டாயிரம் குடுத்துருக்காங்க, மீதி இங்க வாங்கிக்கச் சொன்னாங்க" என்றார். வண்டி வாடகை? ஷேர் ஆட்டோவுக்கு அவர்களே கொடுத்திருக்கிறார்கள். கலைஞர்கள் பெயரைச் சொல்லி எங்களிடம் வாங்கியது 75,000, அதற்கு மேல் வண்டிக்கென்று 50,000. பொய்க்கால் குதிரை என்று இரண்டு பையன்கள் வந்தார்கள், கட்டைக்கால் கிடையாது, குதிரைக் கூட்டை மட்டும் இடுப்பில் மாட்டிக்கொண்டு வெறும் காலில் நின்றார்கள். கட்டைக்காலில் நின்று ஆடுவதுதான் அந்தக் கலையே, தஞ்சாவூர்ப் பக்கம் அதற்காக வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். இவர்கள் சாப்பாட்டுப் பாத்திரம் தூக்க வந்த பையன்கள், வேஷத்தைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். பாவம், அவர்களுக்கே வெட்கமாக இருந்தது. பறைக் குழுவுக்கு மீதிப் பணத்தை ஏற்பாட்டாளர் தரப்போவதில்லை என்று தெரிந்ததும் கம்பெனியிலிருந்தே நேரடியாகக் கொடுத்தோம், பேசிய தொகைக்கு மேலேயே கொடுத்தோம்.

இது ஏன் பொங்கலில் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்றால், எல்லா ஆபீஸுக்கும் விடுமுறைக்கு முந்தின அதே இரண்டு மூன்று நாள்தான் வேண்டும். அதே வாரத்தில்தான் அரசு நடத்தும் சென்னை சங்கமம் நம்ம ஊரு திருவிழாவும் வரும், மாவட்டங்களிலிருந்து வரும் நல்ல குழுக்கள் பல அங்கே போய்விடும். மீதி இருக்கும் ஒரு குழுவைக் காட்டி நாலைந்து ஆபீஸில் முன்பணம் வாங்கிவிடுகிறார்கள், அன்றைக்கு யாருக்கு எவ்வளவு கிடைத்தால் சரி என்று.

பிறகு அக்கவுண்ட்ஸில் தோண்டியபோது ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொட்டேஷனில் இருந்த ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டால் ரத்து செய்யப்பட்ட பதிவு என்று வருகிறது. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. ஒரு கான்ட்ராக்டருக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடிக்க வேண்டும், அதற்கு பான் எண் கேட்டபோதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியிருக்கிறார். சமையல்காரரின் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் என்று அனுப்பின 14 இலக்க எண்ணைத் துறையின் ஃபாஸ்காஸ் தளத்தில் தேடினால் யாரோ ஒரு பேக்கரியின் பெயர் வருகிறது. இன்ஸ்டாகிராமில் அவர் போட்டிருந்த விழாப் படங்களில் ஒன்றை கூகுள் லென்ஸில் தேடினோம், கோயம்புத்தூரில் வேறு ஒருவர் நடத்திய விழா.

போலீஸில் முதலில் இது சிவில் விவகாரம் என்றார்கள். வேறு இரண்டு ஆபீஸிலும் இதே போல முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று ஆதாரத்தோடு போன பிறகுதான் மனுவை வாங்கி ரசீது கொடுத்தார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தோம். கம்பெனி எப்படி நுகர்வோர் ஆகும் என்று பலர் கேட்கிறார்கள், நானும் வக்கீலிடம் கேட்டேன். வியாபார நோக்கத்தில் வாங்கினால்தான் சட்டம் விலக்குகிறது. நர்ஸ்கள் தங்குவதற்காக ஒரு மருத்துவமனை அறக்கட்டளை வீடுகள் வாங்கிய வழக்கில், அது வியாபார நோக்கம் ஆகாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஊழியர்களுக்காகச் செய்த விழாவுக்கும் அந்த வாதம் பொருந்தும் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நோட்டீஸ் போனதும் 25,000 திருப்பி அனுப்பி, கேஸை வாபஸ் வாங்கச் சொல்லிப் பேசினார். வாங்கவில்லை.

இந்த வருஷம் நடுவில் யாரும் இல்லாமல் செய்கிறோம். அதே பறைக் குழுத் தலைவரிடம் நேரில் பேசி, எத்தனை பேர், எத்தனை மணிக்கு, அன்றைக்கு வேறு எங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு, வண்டியை நாங்களே அனுப்புகிறோம். குழு தெரியாதவர்கள் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் விசாரிக்கலாம், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அடையாள அட்டை இருக்கிறதா என்றும் கேட்கலாம். சமையல்காரருடைய கூடத்தைப் போய்ப் பார்த்து, லைசென்ஸை அங்கேயே போனில் தேடிவிட்டுத்தான் முடிவு செய்தோம். பணம் மூன்று தவணை, கடைசித் தவணை கடைசிப் பந்தி எழுந்த பிறகு. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களுக்கு முதல் பந்தி.

ஏற்கனவே முன்பணம் கட்டிவிட்டவர்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். குழுத் தலைவரின் போன் நம்பரையும் சமையல்காரரின் நம்பரையும் இன்றைக்கே கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் மேடம்" என்ற பதில் வந்தால் மீதியை அனுப்பாதீர்கள், இரவு எத்தனை மணிக்குப் போன் வந்தாலும் சரி. பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் போன பொங்கலில் இதே 'பாரம்பரிய பேக்கேஜ்' வாங்கி ஏமாந்தவர்கள் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டையும் கொட்டேஷனையும் எடுத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள், எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.