மேல் தாடைக்கு ஒரு கணக்கு, கீழ்த் தாடைக்கு வேறு கணக்கு

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் போனாலே இம்ப்ளான்ட் போர்டுகள் கண்ணில் படும். பல் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகுதான் இம்ப்ளான்ட். பல் மொத்தமும் போன பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் எந்தக் கம்பெனி, எவ்வளவு செலவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எலும்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முடிவு செய்வது அதுதான்.

1985இல் லெக்ஹோம், ஸார்ப் என்ற பல் மருத்துவ ஆய்வாளர்கள் இருவரும் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை முழுக்கக் கெட்டி. நான்காவது, மெல்லிய ஓடும் உள்ளே ரஸ்க் போல ஓட்டை ஓட்டையான எலும்பும். மோவாய்ப் பக்கம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், மேல் தாடையின் பின்பக்கம்தான் ரொம்ப மென்மை, தோல்வியும் அங்கேதான் அதிகம். அதற்காக ரொம்பக் கெட்டியாக இருந்தால் நல்லது என்றும் இல்லை, ரத்த ஓட்டம் குறைவு, துளை போடும்போது சூடேறினால் எலும்பு செத்துப்போகும்.

கீழ்த் தாடைக்கு என் ஓட்டு இரண்டு இம்ப்ளான்ட் வைத்து அதன்மேல் கழற்றி மாட்டும் பல்செட்டுக்குத்தான். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும் இதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். ஏற்காட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இம்ப்ளான்ட் இல்லாத வெறும் பல்செட் இருந்தபோது நாக்கை அசைத்தாலே அது எழும்பும், தட்டுவடை செட் வாங்கித் தந்தால் மேலே இருக்கிற பீட்ரூட், கேரட் துருவலை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு வடையை ஓரமாக வைத்துவிடுவார். இப்போது இரண்டு இம்ப்ளான்ட் வைத்தபின் வடையையும் கடிக்கிறார். ஒரு குறை, பல்செட்டை இம்ப்ளான்ட்டில் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் வளையம் தேயும், அவ்வப்போது மாற்றணும், அதற்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரணும்.

நான்கு இம்ப்ளான்ட்டில் நிரந்தரப் பல் கட்டுவது இன்னும் உறுதி, செலவும் அதிகம், வீட்டில் கழற்றிக் கழுவவும் முடியாது. "ஒரே நாளில் பல்" என்கிறார்களே, இம்ப்ளான்ட் எலும்பைக் கெட்டியாகப் பிடித்தால்தான் அது சரி. மென்மையான எலும்பென்றால் காத்திருக்கணும். பழைய வழக்கம் கீழே 3 மாதம், மேலே 6 மாதம்.

மேல் தாடையில் பல்செட் அண்ணத்தில் நன்றாக ஒட்டி நிற்கிறதா? அப்படியே விடுங்கள். நிற்கவில்லையென்றால் இரண்டு இம்ப்ளான்ட் போதாது, குறைந்தது நான்கு வேண்டும். எலும்பு போதாவிட்டால் மேல் தாடைக்கு மேலே இருக்கும் காற்றறையான சைனஸின் அடியை உயர்த்தி எலும்பு வைப்பது, இல்லையேல் கன்ன எலும்பில் நீள இம்ப்ளான்ட். இரண்டும் பெரிய வேலை, அனுபவசாலி கை வேண்டும்.

எதுவானாலும் தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, திரையில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை அளவு, பீடி சிகரெட், எலும்பு பலவீனத்துக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) போடும் ஊசி, மாத்திரை, எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.